கோர் போடாத வார்ப்பு

மயிலாத்தாளை முதன்முதலாக வெண்கலத்தில் வார்த்த அன்று, அவள் உடம்பில் ஏறிய சூட்டில், குளித்துவிட்டு உடுத்திய ஈரச் சேலை நின்ற இடத்திலேயே மொறமொறவென்று காய்ந்துபோனது. அதைப் பார்த்து எங்கள் கருமணல் லைனில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, மழைக்காலமாயிற்றே என்று பக்கத்து வீட்டு ராமாத்தாள் தன் வீட்டு ஈரத் துணியை எல்லாம் கொண்டுவந்து அவளைச் சுற்றிக் காயப்போட்டாள், எதிர்வீட்டுக்காரி ஒரு முறம் நிறைய வடகத்தைக் கொண்டுவந்து வைத்தாள், நான் என் பங்குக்கு என் நனைந்த குடையைக் கொண்டுபோய் விரித்தேன். எங்களைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். ஒருத்தி வெந்துகொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வடகம் காயவைத்தவர்கள் நாங்கள்.

கோயம்புத்தூருக்கு வடக்கே, பம்பு பவுண்டரிகள் ஐம்பது வருடமாகக் கொட்டிய எரிந்த மணல் மேட்டின் மேல் கட்டிய நாற்பது வீடுகள்தான் கருமணல் லைன். அங்கே செடி வைத்தால் பிடிக்காது, வெள்ளை வேட்டி ஒரு நாள் தாங்காது. ஆண்கள் உலையில் வேலை செய்தார்கள், பெண்கள் கோர் ஷாப்பில் வேலை செய்தோம். பம்புக்குள் தண்ணீர் ஓட வழி வேண்டுமே, அந்த வழியின் வடிவத்தில் மணலைப் பிடித்துச் சுட்டு அச்சுக்குள் வைப்பதற்குப் பெயர்தான் கோர். இரும்பை ஊற்றினால் கோர் இருக்கும் இடத்துக்குள் அது போகாது, ஆறிய பிறகு மணலைத் தட்டிக் கொட்டினால் உள்ளே வெறும் இடம் மிஞ்சும். ஆக, முப்பது பொம்பளைகள் காலை எட்டு மணி முதல் பொழுது சாயும்வரை அங்கே செய்துகொண்டிருந்தது ஓட்டை. பதினேழு வருடம் நானும் மயிலாத்தாளும் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று ஓட்டை செய்தோம். என் பெயர் பழனாத்தாள்.

நின்று என்று சொன்னதைக் கவனியுங்கள். கோர் ஷாப்பில் ஒரு முக்காலிகூடக் கிடையாது. முதலாளி குழந்தைவேலு நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர், தீபாவளிக்குச் சேலை கொடுப்பார், கோயிலுக்கு மணி வார்த்துக் கொடுத்திருக்கிறார், ஆனால் உட்கார்ந்தால் கை மெதுவாகிவிடும் என்பது அவர் தகப்பனார் காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்தில் சொத்தோடு சேர்ந்து வந்த அறிவு. சோற்றுக்கு விடும் அரைமணி நேரத்தில் மட்டும் நாங்கள் தரையிலோ கவிழ்த்துப் போட்ட அச்சுப் பெட்டியிலோ உட்காரலாம். அப்படி ஒரு மத்தியானம், சேலைக்கு மேலே புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டி, மடியில் சல்லடையை வைத்துக்கொண்டு அச்சுப் பெட்டியில் உட்கார்ந்திருந்த மயிலாத்தாளைத்தான் சென்னையிலிருந்து வந்திருந்த சிற்பி ஹரிஷ் மாதவன் பார்த்தார்.

குழந்தைவேலு அப்போதுதான் பம்பு பவுண்டரிக்குப் பின்னால் சிற்பங்கள் வார்க்க ஒரு ஷெட் போட்டிருந்தார். அந்த ஷெட்டில் பன்னிரண்டு நாள் மயிலாத்தாள் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாளும் முழு வேலைநேரமும் உட்கார்ந்தாள், அதுவும் வேலையாகக் கணக்கானது, எங்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. சிற்பி களிமண்ணில் அவளை ஆளுயரத்துக்கு ஒரு விரல் கூட்டிச் செய்தார், முகத்தையும் கைகளையும் மட்டும் மாவுக்கட்டு போட்டு அவள் உடம்பிலிருந்தே அச்செடுத்தார். சிலைக்கு ‘அமர்ந்தவள்’ என்று பெயர் வைத்தார். எட்டே எட்டுப் பிரதிகள் வார்ப்பது, ஒவ்வொன்றிலும் எட்டில் ஒன்று, எட்டில் இரண்டு என்று எண் பொறிப்பது, எட்டாவதோடு மோல்டை உடைத்துவிடுவது என்று பேச்சு. குறைவாக இருந்தால்தான் மதிப்பு என்று அவர் எங்களுக்கு விளக்கினார். எங்களைப் போன்றவர்கள் நிறைய இருப்பதால்தான் மதிப்பில்லை போலிருக்கிறது என்று ராமாத்தாள் சொன்னாள், சிற்பி அதை ரசித்துச் சிரித்தார்.

பிறகு வார்ப்பு ஆரம்பித்தது, வார்ப்பில் என்னென்ன நடந்ததோ அதெல்லாம் அவளுக்கும் நடந்தது. ரப்பர் மோல்டுக்குள் மெழுகை ஊற்றிச் சுழற்றிய நாளில் அவள் தோல் இளகி, புருஷன் தோளைத் தொட்டால் அவர் ஐந்து விரலும் பொழுது சாயும்வரை அங்கேயே பதிந்திருந்தன. அந்த மெழுகுப் பொம்மையை மாவுக்குழம்பில் முக்கி, மணல் தூவி, காயவைத்து, மறுபடி முக்கி, இப்படி ஏழு பூச்சுப் பூசிய ஏழு நாளும் அவள் கையைக் காலை மடக்க முடியாமல் ஓடு கட்டிக் கிடந்தாள். அந்த மேலோட்டைச் சூளையில் வைத்து மெழுகை உருக்கி வடித்த நாளில் அவள் உள்ளே ஒன்றுமே இல்லாமல் போய், மூன்று தட்டுச் சோறு தின்றும் பசி அடங்காமல், கூப்பிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பதில் சொல்வதுபோல் சொன்னாள். வெண்கலத்தை ஊற்றிய நாளில் கொதித்தாள். மேலோட்டை உடைத்த நாளில் தோல் உரிந்து, பளபளவென்று எழுந்து, தலையை முடிந்துகொண்டு வேலைக்கு வந்தாள். டாக்டர் காய்ச்சல் பார்க்கக் கண்ணாடிக் குழாயை வைத்தார், அது வெடித்தது, இனிமேல் வார்க்கிற அன்றைக்கு இங்கே கூட்டிவராதீர்கள் என்றார்.

இதையெல்லாம் நாங்கள் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டோம் என்று நினைத்தால் இப்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. மூன்றாவது பிரதிக்குள் கோர் ஷாப்பில் அவள் மேசையை யார் பார்ப்பது என்று முறை போட்டுவிட்டோம். ஐந்தாவது பிரதிக்குள் ‘மயிலாக்கா ஊத்தற அன்னிக்கு’ என்று நாள் குறிக்க ஆரம்பித்தோம், அன்றைக்கு அப்பளம், அன்றைக்கு மிளகாய். சிலை உள்ளே வெறும் கூடு, பொள்ளல்தானே, அவளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொள்ளலானாள். இருமினால் நெஞ்சுக்குள் மணி அடித்தது. அதையும் பழகிக்கொண்டோம், சங்கு ஊதும் முன்பே அவள் இருமல் கேட்டு எழுந்து வேலைக்குக் கிளம்பினோம்.

“எதுக்குடி இதை வாங்கிக் கட்டிக்கறே? வேண்டான்னு சொல்லிப்போடு” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“எட்டு எடத்துல நான் உக்காந்திருப்பேன் பழனாத்தா” என்றாள். “எந்திரின்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். எட்டுக் காய்ச்சல்தானே, தாங்கிக்கலாம். ஆனா எட்டுதான். ஒம்போதுக்கு நான் ஆளில்லை.”

எட்டாவது பிரதி முடிந்ததும் மோல்டு உடைக்கும் விழா நடந்தது. பந்தல், நாற்காலிகள், போட்டோ பிடிக்கிறவர்கள். ரப்பரைக் கத்தியால் கீறினார்கள், வெளிக்கூட்டைச் சம்மட்டியால் நொறுக்கினார்கள், கடைசி அடியை மயிலாத்தாள் கையாலேயே அடிக்கவைத்தார்கள். நின்றே பழகிய ஒரு வர்க்கத்தை நான் உட்கார வைத்திருக்கிறேன் என்று சிற்பி மைக்கில் சொன்னார், நாற்காலியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த நாங்களும் தட்டினோம்.

நாற்பது நாள் கழித்து அவள் தோல் மறுபடி இளகியது.

ஓடு கட்டியது, உள்ளே வற்றியது, கொதித்தது, உரிந்தது. அத்தனையும் பழையபடி. ஒன்று மட்டும் புதிது. உரிந்து எழுந்தவளுக்குச் சேலை தரையில் புரண்டது. அவள் புருஷன் அவிநாசியப்பன் எங்கள் பவுண்டரியின் பேட்டர்ன் ஆசாரி, அதாவது எந்தப் பொருளை வார்க்க வேண்டுமோ அதை முதலில் மரத்தில் செய்துகொடுக்கிறவர். அவர் அவளைக் கதவு நிலையில் நிறுத்தி அளந்தார். நூற்றைம்பத்து நாலு சென்டிமீட்டர் இருந்தவள் நூற்றைம்பத்து ஒன்றே முக்கால்கூட இல்லை. ஓடிவந்து லைன் முழுக்கச் சொன்னார், லைன் முழுக்கச் சிரித்தது.

ஏன் சிரித்தது என்றால், உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வெண்கலமும் பித்தளையும் நூற்றுக்கு ஒன்றரை, இரும்பு நூற்றுக்கு ஒன்று. அதனால் ஆசாரிகள் மரத்தில் அந்த அளவு கூட்டியே செய்வார்கள், ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமலிருக்க அவர்களிடம் சுருக்க ஸ்கேல் என்று ஒன்று இருக்கும், பார்க்கச் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும், ஆனால் கோடுகள் அந்த அளவுக்குத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கும். அவிநாசியப்பன் ஒருதடவை அந்த ஸ்கேலால் அளந்து தன் வீட்டுக் கக்கூசுக்குக் கதவு செய்து, அது நிலைக்குள் போகாமல் ஒரு வாரம் சாக்கைத் தொங்கவிட்ட கதை லைனில் பிரசித்தம். நூற்றைம்பத்து நாலு சென்டிமீட்டர் ஆளை வெண்கலத்தின் சுருக்க ஸ்கேலால் அளந்தால் சரியாக அந்த நூற்றைம்பத்து ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். “கக்கூசுக் கதவை அளந்தாப்ல பொண்டாட்டியையும் அளந்து போட்டாரு” என்று டீக்கடையில் பேசினோம். கேட்டுக் கேட்டு அந்த மனுஷனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நமக்குத்தான் கை தப்பியிருக்கும் என்று அவர் ஸ்கேலை மூட்டையில் கட்டி வைத்தார். அந்தச் சிரிப்பில் இரண்டு மாதம் போயிற்று, இரண்டு மாதத்தில் இரண்டு பிரதி போயிற்று.

அந்த இரண்டாவது தடவை அவள் உயரம் நூற்றைம்பதைவிட்டுக் கீழே வந்தபோது ஸ்கேல் தேவைப்படவில்லை. கோர் மேசை அவள் மார்புக்கு வந்திருந்தது. அவிநாசியப்பன்தான் புரிந்துகொண்டு வந்து சொன்னார்: மோல்டைத்தான் உடைத்தார்கள், எட்டாவது சிலையை உடைக்கவில்லையே. அந்த வெண்கலத்தின் மேலேயே ரப்பரைப் பூசிப் புது மோல்டு எடுக்கிறார்கள். ஆறிச் சுருங்கிய உலோகத்திலிருந்து எடுத்த அச்சு, அதிலிருந்து வார்த்தது ஆறும்போது இன்னொரு ஒன்றரை சுருங்கும். அதை விற்றனுப்பும் முன் அதன்மேல் மறுபடி ரப்பர். பிள்ளை தாயைவிடச் சின்னது, பேரப்பிள்ளை அதைவிடச் சின்னது.

நானும் அவளும் அவரும் முதலாளியைப் பார்க்கப் போனோம். சிற்பியும் அங்கே இருந்தார்.

“ஏனுங்க மொதலாளி, எட்டோட நிறுத்தறதா எங்கிட்டச் சொன்னீங்களே” என்றாள் மயிலாத்தாள்.

“எட்டோட நின்னுபோச்சு அம்மிணி. எட்டுல ஒம்போதுன்னு எங்காச்சும் பொறிச்சிருக்கமா?” என்றார் குழந்தைவேலு. “இது கலைஞர் பிரதி. அது ஒரு வழக்கம்.”

“போன மாசத்துது?”

“அது கண்காட்சிப் பிரதி.”

“வர்ற மாசத்துக்கு?”

“காப்பகப் பிரதி” என்று சிற்பி சொன்னார், கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் சொன்னார். “நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும்மா. மோல்டை ஒவ்வொரு தடவையும் உடைச்சுடறோம். அந்த விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு.”

“நான் கொறைஞ்சுட்டே வரனுங்க” என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார், அந்தப் பார்வையில் பரிதாபமும் இருந்தது, அளவெடுப்பும் இருந்தது. “முகத்துல ஒரு இறுக்கம் வந்திருக்கு. முன்னைவிட நல்லாருக்கு” என்றார்.

அன்றைக்கே லைன் திரண்டிருக்க வேண்டும். திரளவில்லை. ஏனென்றால் அந்த ஷெட்டில் மெழுகு சுழற்றியது வெளியூர்க்காரன் இல்லை, ராமாத்தாளின் மகன், உலையை மூட்டியது என் கொழுந்தனின் மச்சினன், வெண்கலத்தை ஊற்றியது நாலு வீடு தள்ளி இருக்கிற நாலு பேர், ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் மயிலாத்தாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “இப்பச் சூடு எறங்கிருச்சுங்களாக்கா?” என்று விசாரித்துவிட்டுப் போனவர்கள். கேட்டால், நாங்க ஊத்தலீன்னா வேற எவனாச்சும் ஊத்துவான் என்றார்கள். அந்த வேற எவனாச்சும் என்கிறவனை இதுவரை நான் பார்த்ததில்லை, ஆனால் உலகத்தில் நடக்கிற அத்தனை அக்கிரமத்துக்கும் அவன்தான் காரணம் என்று தெரிகிறது.

ஊற்றினார்கள், அவள் குறைந்தாள், நாங்கள் நல்லவர்களாக இருந்தோம். தெருக்குழாயை அவளுக்கு எட்டும்படி இறக்கிவைத்தோம். அவள் வீட்டுத் தாழ்ப்பாளை ஒரு சாண் கீழே அடித்துக்கொடுத்தோம். என் மகளின் பள்ளிக்கூடத்துச் செருப்பை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், சரியாக இருந்தது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, நாசமாய்ப் போக. மேசை கழுத்துக்கு வந்தபோது குழந்தைவேலு பெரிய மனது பண்ணி அவள் ஏறி நின்று வேலை செய்ய ஒரு பலகை போட்டுக்கொடுத்தார். நிற்க! பதினேழு வருடமாக உட்கார ஒரு முக்காலிக்கு வக்கில்லாத இடத்தில், ஏறி நிற்கப் பலகை வந்துவிட்டது, அதற்கு நாங்கள் முப்பது பேரும் போய் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

எட்டுக்கு மேல் பதினோரு பிரதி அப்படிப் போயிற்று. மயிலாத்தாள் நூற்று முப்பது சென்டிமீட்டரில் வந்து நின்றாள். நெஞ்சில் அடித்த மணி இப்போது ஆட்டுக்குட்டி மணி அளவுக்குச் சன்னமாகிவிட்டது.

பன்னிரண்டாவதற்குப் பதில் வேறு சேதி வந்தது. ஆளுயரச் சிலையை வீட்டில் வைக்க எல்லோருக்கும் இடம் இருக்காதாம். கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, ஒரு சாண் உயரத்தில், மேசையில் வைக்கிற மாதிரி ஐந்நூறு ‘அமர்ந்தவள்’. இன்னும் மூன்று வாரத்தில் வார்க்க ஆரம்பிப்பது. சேதி லைனுக்கு வந்த சாயங்காலம் குழாயடியில் ஒரு சாண் என்றால் எவ்வளவு என்று எல்லோரும் அவரவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராமாத்தாள்தான், அவளுக்கு எப்போதும் நல்ல மனசு, “ஒரு கூடையில மெத்தை தெச்சுக் குடுத்தறலாம்” என்றாள்.

மயிலாத்தாள் குழாய்த் திட்டின் மேல் ஏறினாள். ஏறினால்தான் எங்கள் முகத்துக்கு நேராக வர முடிந்தது.

“கூடை தெக்கறயா?” என்றாள். “தெய்யி. பூப்போட்ட துணியாப் பாத்துத் தெய்யி. எனக்கு மட்டுமா தெக்கறே? நாளைக்கு உன்ற மகளை ஒருத்தன் உக்கார வெப்பான், அவளுக்கும் சேத்துத் தெய்யி. நான் வெந்தப்ப வடகம் காய வெச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். ஓட்டையானப்ப என்ற இருமல்ல நேரம் பாத்தீங்க, பொறுத்துக்கிட்டேன். கொறைஞ்சப்பக் கொழாயை எறக்குனீங்க. ஏண்டி, அத்தனை பேரு அத்தனை கையி, ஒரு கை அந்த உலையை அணைக்கறதுக்கு வரலையே? சிலை பண்ணுனவன் என்னைப் பத்தொம்பது தரம் ஓட்டை பண்ணுனான். நீங்க தெனமும் பண்ணுனீங்க.”

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங், அவிய வார்த்தா நான் கொறையறேன். நம்ம வார்த்தா?”

அவிநாசியப்பன் விரலை விட்டுக் கணக்குப் போட்டார். “பேட்டர்ன் நான் பண்ணுனா, சுருக்கத்துக்குச் சேத்துத்தான் பண்ணுவேன்” என்றார்.

“பண்ணுங்க. இரும்புல ஊத்துங்க, நமக்குத் தெரிஞ்சது அதுதான். உள்ள கோர் வேண்டாம்.”

“முழுத் திண்டா வார்த்தா நடுவுல இழுத்துக்கும் புள்ளெ. ஓட்டை விழுந்துரும்.”

“மேல ரைசர்த் தொட்டி வெச்சு, சுருங்கச் சுருங்க இரும்பை ஊட்டுங்க. பம்புக்கு ஊட்டத் தெரியுது, எனக்கு ஊட்டத் தெரியாதா? பதினேழு வருசம் நான் ஓட்டை பண்ணியிருக்கேன். எனக்குள்ள இனி ஒரு ஓட்டை வேண்டாம்.”

பதினெட்டு நாள் அவர் வேலைக்குப் போகாமல் தேக்கில் அவளைச் செய்தார். அளவுக்கு வேறு எதையும் பார்க்கவில்லை. கதவு நிலையில் இருந்த பழைய கோடும், இருபது வருடம் கூட வாழ்ந்ததும் போதுமாக இருந்தது. அதே சட்டை, அதே தலைத்துண்டு, அதே அச்சுப் பெட்டி. முகத்தை மட்டும் மாற்றினார். சிற்பியின் சிலையில் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தாள், இதில் நேராகப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கொழுந்தன் சென்னியப்பனின் சின்னப் பவுண்டரியில் மணலில் அவளை அமுக்கி எடுத்தோம். கூடை தைக்கிறேன் என்றவள் மணல் சலித்தாள். ஷெட்டில் வெண்கலம் ஊற்றிய அதே நாலு பேர், யாரும் கூப்பிடாமல் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் உருகிய இரும்பு அள்ளும் கரண்டியைத் தூக்கினார்கள். மற்ற கோர் பொம்பளைகள் வேடிக்கை பார்த்தோம், வாழ்நாளில் முதல்முறையாக எங்கள் கையால் ஒரு கோரும் வைக்காத அச்சு அது. அவரவர் வீட்டில் இருந்த உடைந்த பம்பு, ஓட்டை இரும்புச் சட்டி, அம்மிக்கல்லுக்கு முட்டுக்கொடுத்த பழைய எடைக்கல் எல்லாம் உலைக்குள் போயின. இரண்டு கரண்டி ஒரே நேரத்தில் ஊற்ற, தலைக்கு மேலே வைத்த ரைசர் நிறைந்து வழிந்தது, அது சுருங்கச் சுருங்க இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்கள், ரைசர் அடைத்துக்கொள்ளாமலிருக்கச் சென்னியப்பன் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டே இருந்தார்.

மயிலாத்தாள் வீட்டுத் தரையில் படுத்திருந்தாள். இந்தத் தடவை யாரும் துணி காயவைக்கவில்லை. ஊற்றி முடிந்ததும் நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன், விசிறி கருகிப்போனது, முந்தானையால் விசிறினேன்.

திங்கட்கிழமை காலை அவள் எழுந்தபோது நிலையில் தலை இடித்தது. அவசரத்தில் அவிநாசியப்பன் மூட்டையில் கட்டி வைத்திருந்த வெண்கலத்துக்கான சுருக்க ஸ்கேலைத் தூக்கியிருக்கிறார், இரும்பு அவ்வளவு சுருங்காது, பழைய உயரத்துக்கு அரைவிரல் கூடவே வந்துவிட்டாள். அந்த மனுஷன் செய்த தப்பிலேயே எங்களுக்குப் பிடித்த தப்பு அதுதான். கட்டிலில் உட்காரப் போனாள், கட்டில் முறிந்தது. இருமிப் பார்த்தாள். மணி அடிக்கவில்லை, சம்மட்டியைத் தரையில் வைத்தாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருவில் அவள் நடந்துபோன வழியெல்லாம் தாரில் பாதம் பதிந்தது, இப்போதும் மழை பெய்தால் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும்.

அன்றைக்கு ஷெட்டில் ஒரு சாண் பொம்மைகளில் முதல் ஐம்பதை ஊற்றும் நாள். ஓடுகள் வரிசையாகச் சூடேறிச் சிவந்திருந்தன, குகை என்கிற உருக்குப் பாத்திரத்தில் வெண்கலம் உருகித் தயாராக இருந்தது, சிற்பியும் குழந்தைவேலுவும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு மயிலாத்தாள் உள்ளே போனாள், உலைக்கும் ஊற்றும் தரைக்கும் நடுவில் கரண்டி போகிற ஒரே ஒரு பாதையில், கவிழ்த்துப் போட்ட அச்சுப் பெட்டியின் மேல், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டி நசுங்கியது, அவள் அதோடு சேர்ந்து இரண்டு விரல்கடை இறங்கி, நிலைத்தாள்.

“அம்மிணி, எந்திரி. மெட்டல் ரெடியாயிருச்சு” என்றார் குழந்தைவேலு.

“பாத்தனுங்க” என்றாள்.

நாலு பேரைப் போய்த் தூக்கிப் பார்க்கச் சொன்னார். யாரும் போகவில்லை. அவரே போய்த் தோளைப் பிடித்துத் தள்ளினார், அவர் செருப்புதான் வழுக்கியது. அவள் எடை முந்நூற்று அறுபது கிலோ இருக்கும் என்று சென்னியப்பன் பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார். இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவள் மலையாகிவிட்டாள், யாராலும் அசைக்க முடியவில்லை என்று அளக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவள் தலைக்கு நேர் மேலே அரை டன் தூக்குகிற செயின் பிளாக் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் சங்கிலியை மாட்டி இழுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அவளை ஓரமாக வைத்திருக்கலாம். “இழுங்கடா” என்று முதலாளி மூன்று தடவை கத்தினார். சங்கிலியில் யாரும் கை வைக்கவில்லை. வேற எவனாச்சும் வருவான் என்று நானும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், அவன் வரவில்லை.

உருகிய உலோகம் யாருக்காகவும் காத்திருக்காது, ஷெட்டில் எல்லோருக்கும் அது தெரியும். குகையின் மேல் ஆடை கட்ட ஆரம்பித்தது. குழந்தைவேலு கோர் ஷாப்புக்கு ஆள் அனுப்பினார், பொம்பளைகள் சொன்னால் கேட்பாள் என்று. மிச்சப் பேரெல்லாம் வந்தார்கள். வந்து பார்த்தார்கள். ராமாத்தாள் என்னைப் பார்த்தாள், பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு, அம்மாடி என்று ஒரு சத்தம் போட்டு, மயிலாத்தாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு மூன்று பேர். ஒவ்வொருத்தியாக உட்கார உட்கார உலைக்கும் ஓடுகளுக்கும் நடுவில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.

சிற்பிதான் முதலில் எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்ல மாட்டேன், நிஜமாகவே கலங்கியிருந்தது. “ஐயோ, இது எவ்வளவு...” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். “அப்படியே இருங்கம்மா. யாரும் அசையாதீங்க. முப்பது உருவம். ஒரே தொகுதியா.”

மயிலாத்தாள் கையை நீட்டினாள். “கொண்டாங்க, பாக்கறேன்” என்றாள்.

எடுத்த படத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து அவர் சந்தோஷமாகப் போனை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் கையை மூடினாள். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு கையைத் திறந்து, துகளைத் தரையில் கொட்டிவிட்டு, மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

குகையில் வெண்கலம் செத்துக்கொண்டிருந்தது. இனி அதை ஊற்ற முடியாது, குகையோடு சேர்த்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும். குழந்தைவேலுவின் முகம் வெளிறிப்போயிருந்தது. உட்காராமல் மிச்சம் நின்றது நான் ஒருத்திதான், ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள், பதினேழு வருடப் பழக்கம். அவர் என்னிடம் வந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோலக் கேட்டார்.

“பழனாத்தா, நீயாச்சும் சொல்லு. இவளுக எல்லாம் இப்படி உக்காந்துக்கிட்டா வேலை எப்படி நடக்கும்?”

உட்காரப் பார்த்தேன். முட்டி மடங்க மறுத்தது, வேலை நேரத்தில் மடங்கி அதற்குப் பழக்கமில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்க முடிந்தது. மயிலாத்தாள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே எனக்காகச் சேலையை ஒதுக்கி இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன்.